நாலு பேர், ஒரு கேம், நூறு புள்ளி

"கேம் முடியட்டும், காசு வந்தா பாத்துக்கலாம்."

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் ராத்திரியிலும் சனி ஞாயிறிலும் உட்கார்ந்து கேம் செய்யும் சின்னக் குழுக்களிடம் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இது. சொல்பவர்கள் எல்லாம் நல்ல பிள்ளைகள். ஒரே கல்லூரியில் படித்தவர்கள், ஒரே தெருவில் கிரிக்கெட் ஆடியவர்கள். காசுப் பேச்சை எடுத்தால் சிநேகம் கெட்டுப்போகும் என்று பயந்துதான் தள்ளிப்போடுகிறார்கள். நான் பார்த்த வரைக்கும் சிநேகம் கெட்டதெல்லாம் பேசாமல் விட்ட இடத்தில்தான். ஒரு ரூபாய்கூட வராத கேமில் கெட்டிருக்கிறது. காசு வந்த கேம் என்றால் கேட்கவே வேண்டாம்.

நாங்கள் நாலு பேர். நான் சிட்லபாக்கம், நிரல் எழுதுகிறேன். ஓவியம் செய்பவர் செலையூரில் இருக்கிறார், பகலில் வேறு வேலை. கதையும் புதிர்களும் அமைப்பவன் அஸ்தினாபுரம், என் பள்ளித் தோழன். இசையும் ஒலியும் குரோம்பேட்டையில் இருக்கும் ஒரு தம்பி, கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவன். செய்வது ஏரிகளைப் பற்றிய ஒரு புதிர் விளையாட்டு. சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் உபரி நீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அடுத்தது, கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2015 வெள்ளத்தை இங்கே இருந்து பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கிலி ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. கேமில் மதகைத் திறப்பதும் மூடுவதும் ஆடுபவர் கையில்.

கேமைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இந்தப் பதிவு முழுக்கப் பங்கைப் பற்றி. என் கட்சி இதுதான்: லாபத்தை எப்படிப் பிரிப்பது என்பதும், எந்த வேலைக்கு யார் பதில் சொல்வது என்பதும் ஒரே பேச்சு. இரண்டாவதைப் பேசாத குழுவால் முதலாவதை நியாயமாகச் செய்யவே முடியாது. சதவீதத்தை மட்டும் நண்பர்களுக்குள் பிரித்துக்கொண்டு, வேலையைக் காற்றில் விட்டால், ஆறே மாதத்தில் ஒருவர் இரவெல்லாம் விழிப்பார், இன்னொருவர் "இந்த வாரம் கொஞ்சம் பிஸி" என்று செய்தி போடுவார். இருவருக்கும் 25 சதவீதம்.

ஆரம்பத்திலேயே நாலு பேரும் மெயின் ரோட்டில் மாடியில் இருக்கும் ஒரு ஆடிட்டரைப் போய்ப் பார்த்தோம். பெரியவர். எங்களைப் போல எத்தனையோ மளிகைக் கடைப் பங்காளிகளையும் டிராவல்ஸ் பங்காளிகளையும் பார்த்தவர். முதல் கேள்வியே, "பேப்பர்ல ஏதாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

"இன்னும் இல்ல சார். ஃப்ரெண்ட்ஸ்தான்."

"நீங்க எழுதலன்னா பரவால்ல தம்பி. 1932-லயே சட்டம் உங்களுக்காக எழுதி வெச்சிருச்சு."

விஷயம் உண்மைதான். இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932. லாபத்தைப் பிரித்துக்கொள்வது என்று ஒத்துக்கொண்டு சேர்ந்து தொழில் செய்தால், பத்திரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீங்கள் கூட்டாளிகள். வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லை என்றால் லாபம் சமமாகப் பிரியும், நஷ்டமும் சமமாகச் சேரும், இது 13-ஆம் பிரிவு. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: தொழிலை நடத்தியதற்காக ஒரு கூட்டாளி தனிச் சம்பளம் கேட்க முடியாது, அப்படி ஒப்பந்தம் இருந்தால் ஒழிய. அதாவது மூன்று வருடம் ஒருவரே பாடுபட்டு, மற்ற மூவரும் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டிக்கொண்டிருந்தாலும், எழுதி வைக்காத வரைக்கும் சட்டத்தின் கண்ணில் நால்வரும் சமம். 25-ஆம் பிரிவுப்படி நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொருவரும் முழுசாகப் பொறுப்பு. 69-ஆம் பிரிவுப்படி, பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் ஒப்பந்தப் பாக்கியை வசூலிக்க வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. பதிவு செய்யாத நிறுவனத்தின் கூட்டாளியும், கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்பது தவிர, ஒப்பந்த உரிமைக்காக மற்றக் கூட்டாளி மேல் வழக்குப் போட முடியாது. பதிப்பாளர் ஒருவர் பணம் தராமல் இழுத்தடித்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

சமப் பங்கே தப்பு என்று நான் சொல்லவில்லை. பிரான்சில் போர்தோ நகரத்தில் மோஷன் ட்வின் என்று ஒரு கேம் நிறுவனம், தொழிலாளர் கூட்டுறவாகவே நடக்கிறது. அங்கே எல்லோருக்கும் ஒரே சம்பளம், முடிவெடுப்பதில் எல்லோருக்கும் ஒரே குரல். பத்துப் பேர் அளவுக்கான கூட்டம். அவர்கள் செய்த டெட் செல்ஸ் 2018 ஆகஸ்டில் முழுமையாக வெளிவந்து, பின்னால் ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியது. ஆனால் அங்கே எல்லோரும் முழுநேரம். ஒருவர் எட்டு மணி நேரம், இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்ற நிலை இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேம் பெரிசாக ஓடி, வருடக்கணக்கில் புதுப் பகுதிகள் சேர்க்க வேண்டி வந்தபோது, ஆளைச் சேர்த்துக் கூட்டுறவைப் பெருக்கிவிட அவர்கள் விரும்பவில்லை. 2019-ல் ஈவில் எம்பயர் என்ற தனி நிறுவனம் உருவாகி அந்த வேலையை எடுத்துக்கொண்டது. கேமைப் படைப்பது ஒரு வேலை, படைத்ததைப் பராமரிப்பது வேறு வேலை, இரண்டையும் ஒரே ஆட்கள்தான் செய்யவேண்டும் என்றில்லை. இந்தப் பாடம் எங்கள் பத்திரத்தில் பிறகு ரொம்ப உதவியது.

ஆனால் எங்களுக்கு வழிகாட்டியது பிரான்ஸ் இல்லை. இங்கிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஈசிஆர் போய்ச் சேர்ந்தால் நீலாங்கரை, கொஞ்சம் தெற்கே இறங்கினால் கோவளம். எங்கள் கதை எழுதும் தோழனின் அம்மா வழி உறவினர்கள் அந்தப் பக்கத்துக் குப்பத்தில் இருக்கிறார்கள். ஃபைபர் படகு கரைக்கு வந்ததும் மீன் ஏலம் போகும். ஏலத்தில் வந்த காசில் முதலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழியும். மிச்சத்தைப் பங்காகப் பிரிப்பார்கள். படகுக்கும் இன்ஜினுக்கும் வலைக்கும் பங்கு உண்டு, கடலுக்குப் போன ஒவ்வொரு ஆளுக்கும் பங்கு உண்டு. எதற்கு எத்தனை என்பது ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும். படகுக்காரரே கடலுக்குப் போனால் அவருக்குப் படகுப் பங்கோடு ஆள் பங்கும் சேரும். போகாவிட்டால் படகுப் பங்கு மட்டும்.

அந்தத் தோழனின் மாமாவிடம் ஒருநாள் எங்கள் விவகாரத்தைச் சொல்லி யோசனை கேட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கணக்க எப்போ முடிப்பீங்க?"

"கேம் வித்ததும்."

"அது எப்போ?"

"ரெண்டு வருஷம் ஆகும் மாமா."

"அவ்ளோ நாள் எப்படிப்பா ஒருத்தன ஒருத்தன் மூஞ்சி பாப்பீங்க? நாங்க கரைக்கு வந்தா அன்னிக்கே முடிச்சிடுவோம்."

எனக்கு இது நிறைய நாள் மண்டைக்குள் ஓடியது. கடற்கரை முறையின் பலமே, செலவு தனி, கருவியின் பங்கு தனி, உழைப்பின் பங்கு தனி என்று பிரித்து வைத்ததும், கணக்கை எல்லோர் கண் முன்னால் உடனுக்குடன் முடிப்பதும்தான். கேம் தொழிலில் காசு உடனே வராது. ஆனால் கணக்கை உடனுக்குடன் முடிக்க முடியும். காசுக்குப் பதிலாகப் புள்ளியில்.

நாங்கள் செய்தது இது. கேமுக்கு என்னென்ன வேலை உண்டோ அத்தனையையும் ஒரு எக்செல் தாளில் வரிவரியாக எழுதினோம். மொத்தம் நூறு புள்ளி. மதகும் நீரோட்டமும் இயங்கும் விதம் 5 புள்ளி. ஏரிக்கரைப் பின்னணி ஓவியம் 4. முகப்பு இசை 2. இப்படி. புள்ளியை யாரும் தலைவராக இருந்து போடவில்லை. ஒரு வேலையைச் சொன்னதும் நால்வரும் அவரவர் எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதி, ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டுவோம். எண்கள் கிட்டத்தட்ட இருந்தால் சராசரி. ஒருவர் 2 என்றும் இன்னொருவர் 7 என்றும் எழுதியிருந்தால் அங்கேதான் பேச்சு. நடந்து செல்லும் கிழவர் ஒருவரின் அசைவுக்கு நான் 1 எழுதியிருந்தேன், ஓவியர் 4. அவர் மடிக்கணினியைத் திறந்து, ஒரு அடி எடுத்து வைப்பதற்கு எத்தனை படம் வரைய வேண்டும், வேட்டி மடிப்பு ஒவ்வொரு படத்திலும் எப்படி நகர வேண்டும் என்று காட்டினார். 4 என்றே எழுதினோம். ஒருவர் வேலையின் கஷ்டத்தை இன்னொருவர் நிஜமாகத் தெரிந்துகொள்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

யாரும் ஆசைப்பட்டு எடுக்காத வேலைகளுக்கும் புள்ளி போட வேண்டும், இதை அழுத்திச் சொல்கிறேன். கடைப் பக்கம் தயாரிப்பது, முன்னோட்ட வீடியோ, பிழைப் பட்டியலைப் பராமரிப்பது, ஆடியவர்கள் அனுப்பும் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது, மாதக் கணக்கு. இவற்றுக்குப் புள்ளி இல்லை என்றால் கடைசியில் இவை குழுவில் யார் ரொம்பப் பொறுமைசாலியோ அவர் தலையில் இலவசமாக விழும். பெண்கள் இருக்கும் குழுக்களில் அது பெரும்பாலும் யார் தலையில் விழுகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். எங்கள் குழுவில் அது நடக்கக்கூடாது என்று நான் முதலிலேயே சொன்னேன்.

"ஐடியா என்னுதுதானே, அதுக்கு எவ்ளோ?" என்ற கேள்வியும் வந்தது. ஏரிச் சங்கிலியை வைத்து ஒரு கேம் என்ற எண்ணம் கதை எழுதும் தோழனுடையது. யோசனைக்குத் தனிப் புள்ளி கிடையாது, யோசனையை ஆடக்கூடிய புதிராக மாற்றும் ஒவ்வொரு கட்டத்துக்கும் உண்டு என்று முடிவு செய்தோம். அவன் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் முப்பது புதிர்களின் வரி வரியான பட்டியல் தாளில் ஏறியதும், அவன் புள்ளி அவன் எதிர்பார்த்ததைவிடக் கூடியது.

இப்போது தாளில் உள்ளபடி நிரலுக்கு 33, ஓவியத்துக்கு 30, கதை, புதிர் அமைப்புக்கு 17, இசை, ஒலிக்கு 10. மிச்சம் 10 புள்ளியை வெளியீட்டுக்குப் பிந்தைய முதல் வருடப் பராமரிப்புக்கு ஒதுக்கினோம். அதை யார் செய்கிறாரோ அவருக்கு. போர்தோக்காரர்களிடம் கற்றது.

காசில் இது எப்படி வரும் என்று ஒரு உதாரணக் கணக்கு. வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுத்த காசும் விற்பனை வரியும் போக 4,00,000 ரூபாய்க்குக் கேம் விற்றது என்று வைத்துக்கொள்வோம். (ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். சின்ன கேம் செய்பவர்கள் இந்த இரண்டு மணி நேரத்தை மறக்கக் கூடாது.) ஸ்டீமின் பங்கு 30 சதவீதம், 1,20,000 போகும். மிச்சம் 2,80,000. பொதுச் செலவு 40,000 என்று வைப்போம். மிச்சம் 2,40,000, புள்ளிக்கு 2,400 ரூபாய். எனக்கு 79,200. ஓவியருக்கு 72,000. தோழனுக்கு 40,800. தம்பிக்கு 24,000. பராமரிப்புக்கு 24,000. இரண்டு வருட உழைப்புக்கு இது பெரிய காசு இல்லை. அதனால்தான் இதை முன்னாலேயே எல்லோரும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்கிறேன். லட்சம் பிரதி விற்கும் என்ற கனவில் சதவீதம் பேசுவதும், இந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பேசுவதும் ஒன்றாகாது. இந்த உதாரணத்தில் சேர்க்காத கழிவும் உண்டு: அமெரிக்காவில் நடக்கும் விற்பனைக்கு அங்கேயே வரி பிடிப்பார்கள், படிவத்தைச் சரியாக நிரப்பினால் இந்திய ஒப்பந்தப்படி 15 சதவீதம், இல்லாவிட்டால் 30. கூகுள் பிளேயில் வருடத்துக்கு முதல் பத்து லட்சம் டாலர் வரைக்கும் கழிவு 15 சதவீதம்தான், ஆனால் எங்களுடைய மாதிரி விலை வைத்து விற்கும் கேமுக்கு அங்கே வாங்குபவர்கள் குறைவு.

கைக்காசு போட்டவர் கணக்கு வேறு. ஸ்டீமில் ஒரு கேமைப் பட்டியலிட 100 டாலர் கட்ட வேண்டும், அதை நான் கட்டினேன். விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் அந்தத் தொகை திரும்ப வரும். அது டீசல் மாதிரி: முதலில் கழியும், பங்காக மாறாது. ஆனால் எல்லாச் செலவும் இப்படிச் சின்னதாக இருக்காது. புனேயில் நாடிங் ஹெட்ஸ் குழு ராஜி என்ற கேமைச் செய்தபோது, 2017-ல் மக்களிடம் நிதி திரட்டும் முயற்சி இலக்கை எட்டவில்லை. இணை நிறுவனர்களில் ஒருவர் தன் வீட்டை விற்றுப் பணம் போட்டார். கேம் 2020-ல் வெளிவந்தது. அப்படிப் போட்ட பணம் டீசல் இல்லை, படகு. அதற்குத் தனிப் பங்கு வேண்டும், அதை உழைப்புப் பங்கோடு கலக்கக் கூடாது. எங்கள் பத்திரத்தில் ஒரு எல்லை போட்டிருக்கிறோம். அந்த எல்லைக்குள் இருந்தால் செலவு, திரும்பக் கிடைக்கும். அதற்கு மேல் யாராவது போட நினைத்தால் போடுவதற்கு முன்பே நால்வரும் உட்கார்ந்து பணத்துக்கான பங்கை எழுத வேண்டும்.

இனி பொறுப்பு. மணிக்கணக்கு எழுதுவது எங்களுக்கு ஒத்துவராது. வேலை முடிந்து எம்ஆர்டிஎஸ்ஸும் பஸ்ஸும் பிடித்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு உட்காரும் ஆளிடம் "நீ எத்தனை மணி நேரம்?" என்று கேட்பது அவமானம். எங்கள் விதி ஒன்றுதான்: ஞாயிறு சாயங்காலம் பில்ட். அந்த வாரத்துக் கேமை ஒரு மடிக்கணினியில் ஓட்டி நால்வரும் ஆடிப் பார்ப்போம். உன் வேலை அந்த பில்டில் தெரிந்தால் முடிந்தது, தெரியாவிட்டால் முடியவில்லை. "என் மெஷின்ல ஓடுது", "கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு" இரண்டும் செல்லாது. முடிந்த வேலையின் வரியை அங்கேயே பச்சையாக்கிவிடுவோம், புள்ளி அன்றைக்கே அவர் பெயரில் ஏறிவிடும். மாமா சொன்ன கரைக்கணக்கு இதுதான்.

முடியாது என்றால் புதன்கிழமைக்குள் சொல்ல வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. வீட்டில் ஆயிரம் இருக்கும். சொன்னால் வேலை அடுத்த வாரத்துக்குப் போகும், ஒரு குறையும் இல்லை. சொல்லாமல் விட்டு ஞாயிறு கையை விரிப்பது தொடர்ந்து நடந்தால், அந்த வரி பொதுவுக்கு வந்துவிடும். வேறு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், புள்ளி அந்த வேலையோடு போகும். ஆளைத் தண்டிப்பது கிடையாது, கோபமும் தேவைப்படாது. புள்ளி வேலையில் ஒட்டியிருப்பதால் "நீ வேலை செய்யல, உன் பங்கைக் குறைக்கணும்" என்ற கசப்பான பேச்சே எங்களுக்கு வந்ததில்லை.

அடுத்தது கணக்கு யார் பெயரில் என்பது. எனக்குத் தெரிந்த ஒரு மூவர் குழு இதில்தான் உடைந்தது. கடைக் கணக்கு ஒருவரின் பெயர், அவருடைய பான், அவருடைய வங்கி. பணம் வந்ததும் வருமானம் முழுக்க அவருடையதாகத்தான் வரித்துறைக்குத் தெரியும். அவர் வரிக்கு என்று ஒரு தொகையை நிறுத்திக்கொண்டு மிச்சத்தைப் பிரித்தார். நியாயமாகத்தான் செய்தார் என்று நான் நம்புகிறேன். ஆனால் மாத அறிக்கையை மற்ற இருவரும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார். அதில் பாதி மறைந்திருக்கும். சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் பிறகு எந்த எண்ணும் உண்மையாகத் தெரியாது. இத்தனைக்கும் ஸ்டீமில் கேம் செய்பவர்களுக்கான ஸ்டீம்வொர்க்ஸ் தளத்தில் குழுவினர் ஒவ்வொருவரையும் பயனராகச் சேர்த்து, நிதி அறிக்கையைப் பார்க்க மட்டும் அனுமதி கொடுக்கலாம். சில நிமிட வேலை. 1932 சட்டமும் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கும் உரிமையை ஒவ்வொரு கூட்டாளிக்கும் தந்திருக்கிறது.

நாங்கள் கூட்டு நிறுவனமாகப் பதிவு செய்து, நிறுவனத்தின் பான், நிறுவனத்தின் வங்கிக் கணக்கில்தான் கடையைத் திறந்தோம். இதற்கு வரியில் ஒரு விலை உண்டு. கூட்டு நிறுவன லாபத்துக்கு நேராக 30 சதவீத வரி, தனி ஆளுக்கு இருக்கும் படிநிலை இல்லை. இங்கேதான் ஆடிட்டர் கைகொடுத்தார். உழைக்கும் கூட்டாளிக்குக் கொடுக்கும் சம்பளத்தை வரம்புக்குள் நிறுவனச் செலவாகக் காட்டலாம், முதல் 6 லட்சம் ரூபாய் லாபம் வரைக்கும் 3 லட்சமோ லாபத்தில் 90 சதவீதமோ எது அதிகமோ அது. நிபந்தனை, பத்திரத்தில் அது எழுதியிருக்க வேண்டும். எனவே புள்ளிக்கணக்கையே சம்பளம் கணக்கிடும் முறையாகப் பத்திரத்தில் சேர்த்தார். 2025 ஏப்ரலில் இருந்து ஒரு கூட்டாளிக்கு வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் கொடுத்தால் நிறுவனமே 10 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும் என்பதையும் அவர்தான் ஞாபகப்படுத்தினார்.

பத்திரத்திலேயே அதிக நேரம் எடுத்தது பதிப்புரிமைப் பக்கம். நிறையக் குழுக்கள் இதைத் தொடுவதே இல்லை. சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக உருவாக்கியது முதலாளிக்குச் சொந்தம். நண்பர்கள் ஊழியர்கள் இல்லை. ஆகவே, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நான் எழுதிய நிரல் எனக்கு, ஓவியம் ஓவியருக்கு, இசை தம்பிக்கு. கேம் என்ற முழுப் பொருளை விற்கக் குழுவுக்கு எழுத்தில் உரிமை வேண்டும். பதிப்புரிமைச் சட்டம், 1957, 19-ஆம் பிரிவு சொல்வதைக் கேளுங்கள்: உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான். எந்த நாடுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். உலகம் முழுக்க விற்கும் கடையில் கேமைப் போட்டுவிட்டு, இசைக்கான தாளில் "எல்லா உரிமையும் கொடுக்கிறேன்" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உரிமை முழுக்க நிறுவனத்துக்குப் போய்விட்டால், நிறுவனம் யார் கையில் என்பதுதான் எல்லாம். டிஸ்கோ எலிசியம் என்ற கேம் 2019-ல் வந்தது, உலகமே கொண்டாடியது. அதன் எழுத்தையும் ஓவியத்தையும் முன்னின்று செய்த முக்கியமானவர்கள் நிறுவனத்தில் இப்போது இல்லை என்பது 2022-ல் வெளியே தெரிந்தது. விவகாரம் வழக்கு வரைக்கும் போனது. அவர்கள் படைத்த உலகம் நிறுவனத்திடமே இருக்கிறது. எங்கள் ஓவியர் இதைப் படித்துவிட்டு வந்து கேட்டார்: "நாளைக்கு நீங்க மூணு பேரும் ஒண்ணு சேர்ந்து என்னை வெளிய அனுப்பினா, நான் வரைஞ்ச கிழவர் யாருக்கு?" நியாயமான கேள்வி. கேமை விற்கும் உரிமை நிறுவனத்துக்கு, உலகம் முழுக்க, சட்டம் அனுமதிக்கும் முழுக் காலத்துக்கும். ஆனால் அதே பாத்திரங்களை வைத்து அடுத்த கேமோ புத்தகமோ செய்ய, அந்தப் பாத்திரத்தைப் படைத்தவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். நிறுவனம் கலைந்தால் அவரவர் படைப்பு அவரவருக்கே திரும்பும். இப்படி எழுதினோம்.

டொராண்டோவில் விசை கேம்ஸ் செய்த வெண்பா 2023-ல் வந்து, அடுத்த வருடம் சுயாதீன கேம் விழாவின் பெரும் பரிசையும் பாஃப்டாவின் அறிமுக கேம் விருதையும் வாங்கியது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறை, இட்லித் தட்டு, கிழிந்துபோன சமையல் குறிப்பு. அதைப் பார்த்த பிறகு இந்தப் பக்கத்தில் எத்தனை பேர் "நம்ம கதையையும் செய்யலாம்" என்று உட்கார்ந்தார்கள் என்பது எனக்கு நேரில் தெரியும். அதில் எத்தனை கேம் வெளிவரும் என்பது திறமையை மட்டும் பொறுத்தது இல்லை. பாதியில் நின்றதாக எனக்குத் தெரிந்த கேம்கள் எல்லாம் ஆட்கள் பிரிந்ததால்தான் நின்றன.

பிரிவதற்கும் பத்திரத்தில் இடம் வேண்டும். சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லை என்றால், ஒரு கூட்டாளி இறந்தாலே கூட்டு கலைந்துவிடும். ஆடிட்டர் இதைச் சொன்னதும் நால்வருக்கும் சங்கடம், எல்லோரும் முப்பதைச் சுற்றி இருப்பவர்கள். ஆனாலும் எழுதினோம். ஒருவர் இல்லாமல் போனால் கூட்டு தொடரும், அவர் சம்பாதித்த புள்ளிக்கான காசு அவர் குறிப்பிட்ட ஆளுக்குப் போகும். உயிரோடு விலகினாலும் பச்சையான வரிகளின் புள்ளி அவருடையதே. முடியாத வரிகள் பொதுவுக்கு. இந்த கேமுக்கு மட்டும்தான், அடுத்த கேமில் அவருக்குப் பங்கு இல்லை. எத்தனை வருடத்துக்கு என்பதில்தான் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. கேம் விற்கும் வரை என்பது என் கட்சி, செய்த வேலை கேமுக்குள் இருக்கும் வரை அதற்குக் கூலி உண்டு. வெளியீட்டுக்குப் பிறகு ஐந்து வருடம் போதும், அதற்கு மேல் பராமரிப்பவர்களுக்குத்தான் என்பது தோழனின் கட்சி. அவன் சொல்வதிலும் பலம் இருக்கிறது. புதுக் கணினிகளில் ஓட வைக்கும் வேலையை யாரோ ஒருவர் செய்துகொண்டேதான் இருக்க வேண்டும். இப்போதைக்கு ஐந்து வருடம் முழுப் பங்கு, அதன் பிறகு பாதி என்று எழுதியிருக்கிறோம்.

பத்திரம் எழுதி முடிந்த கொஞ்ச நாளிலேயே முகூர்த்த மாதம் வந்தது. தம்பிக்கு வாரத்துக்கு மூன்று நாலு கச்சேரி, வீட்டில் அவன் சம்பாத்தியம் தேவை. ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி குழுவில் எழுதினான், "அண்ணா, கடைசி ரெண்டு ஏரிக்கான மியூசிக் என்னால முடியாது, தை கழிஞ்சாதான் ஃப்ரீ ஆவேன்." அதுவரைக்கும் அவன் முடித்த வேலைக்கு 7 புள்ளி பச்சையாக இருக்கிறது. மழைச் சத்தத்துக்கான 1 புள்ளியைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னான், அதை எங்கே வேண்டுமானாலும் போனில் பதிவு செய்துவிடலாமாம். மிச்சம் 2 புள்ளி பொதுவுக்கு வந்திருக்கிறது. வெளியே ஒருவரிடம் காசு கொடுத்து இசையை வாங்கிப் பொதுச் செலவில் சேர்ப்பதா, அல்லது தை கழியும் வரைக்கும் அந்த இரண்டு ஏரியையும் தள்ளிவைத்து அவனுக்கே கொடுப்பதா என்று இந்த ஞாயிறு பில்ட் பார்த்த கையோடு பேசப்போகிறோம். ஓவியர் காத்திருக்கலாம் என்கிறார். நானும் அந்தப் பக்கம்தான்.